தெரியாத இயந்திரம் வந்தால்

ஜூன் 9

அக்கா,

பென்சிலில் எழுதுகிறேன். இங்கே பேனா தருவதில்லை. தட்டித் தட்டியே பழகிய கை, எழுத்தெல்லாம் கோழி கிளறிய மாதிரிதான் இருக்கும். பொறுத்துக்கொள்.

உன் காதில் யார் யார் என்ன ஓதினார்களோ தெரியாது. அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். உன் ஊர் மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களை நான் இன்னொரு நகரத்தில் என் அறையில் உட்கார்ந்தபடியே கவனித்துக்கொண்டிருந்தேன் என்பது உனக்குத் தெரியும். பிரவுசரில் ஒரு பக்கம், அதில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு கட்டம். ஓடுகிறதா, தூங்குகிறதா, இடம் நிரம்பிவிட்டதா, எல்லாம் அந்தக் கட்டத்தில் தெரியும். ஒன்றைத் துடைத்துவிட்டு அடியிலிருந்து எல்லாம் புதிதாக நிறுவ வேண்டுமென்றாலும் அங்கேயே ஒரு பொத்தான். நீகூட ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன்டா, இதுக்கா உனக்குச் சம்பளம் குடுக்கிறாங்க" என்று கேட்டாய்.

மே மாதக் கடைசியில் இடி இடித்து மழை கொட்டிய அந்த மதியம், மருந்து விவரங்கள் இருந்த சர்வர் காலியாகிவிட்டது. எந்த நோயாளிக்கு எந்த மருந்து ஆகாது என்பதெல்லாம் அதில்தான் இருந்தது. நகல் வைத்திருந்தேன். அதை அங்கிருந்தவர்கள் திருப்பிப் போட்டு முடிப்பதற்குள், மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணுக்கு ஆகாத ஊசியைப் போட்டுவிட்டார்கள். சாயங்காலமே அந்த அம்மா போய்விட்டாள்.

அந்தப் பக்கத்தின் பதிவில், அந்த நேரத்துக்கு நேராக, 'நிறுவியவர்' என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. அன்று காலையில்தான் நான் மருத்துவமனை மேலாளரோடு போனில் சண்டை போட்டு, வேலையை விடுகிறேன் என்று கத்தியிருந்தேன். போலீசுக்கு வேறென்ன வேண்டும்? ஆத்திரத்தில் அழித்துவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அக்கா, நான் அந்தப் பொத்தானைத் தொடவே இல்லை. அந்த நேரத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். துணிக்குச் சாட்சி சொல்லத் தெரியாது.

மாமா அந்த மருத்துவமனையில்தானே பழுது பார்க்கிறார். அன்றைக்கு அந்த சர்வர் பக்கம் ஏதாவது நடந்ததா என்று கேட்டு எழுது.

இந்தச் சிறை உன் வீட்டிலிருந்து இரண்டு பஸ் தூரம். நீ இன்னும் வரவில்லை. இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

வாலு


ஜூன் 17

வாலுவுக்கு,

கடிதம் கிடைத்தது. உறையில் இருந்த சிறை முத்திரையைப் பார்த்துவிட்டுத் தபால்காரர் என் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ரொட்டி ஆலையில் என் பக்கத்தில் நின்று பொட்டலம் கட்டுகிறவள், இடத்தை மாற்றிக் கேட்டு அந்தக் கோடிக்குப் போய்விட்டாள். அவளிடம் நான் கோபப்படவில்லை. அவள் இடத்தில் இருந்தால் நானும் போயிருப்பேன்.

ஏன் வரவில்லை என்று கேட்கிறாய். இறந்துபோனது யார் என்று உனக்குச் சொன்னார்களா? நம் பொடிசைப் பள்ளிக்கூடம் கூட்டிப் போகிற வேன் ஓட்டுநரின் மனைவி. முன்பெல்லாம் தெருமுனையிலேயே ஹாரன் அடிப்பார். இப்போது வீட்டு வாசலில் வந்து சும்மா நிற்கிறார். நான் குழந்தையை ஏற்றிவிடுகிறேன், அவர் கதவைச் சாத்துகிறார். யாருடைய அக்கா என்று தெரிந்தும் அந்த மனிதர் என் பிள்ளையைப் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொண்டுவருகிறார். அவரைத் தாண்டி உன்னைப் பார்க்க பஸ் ஏற எனக்குக் கால் வரவில்லை. இதுதான் காரணம். திட்டுவதாக இருந்தால் திட்டு.

உன் மாமாவைக் கேட்டேன். "அன்னிக்கு ஒண்ணும் நடக்கல. மழை, இடி, கரண்ட் போய் வந்துச்சு, அவ்வளவுதான்" என்றார்.

எனக்குப் புரிகிற மாதிரி எழுது. யாரும் தொடாமல் ஒரு கம்ப்யூட்டர் எப்படித் தன்னைத்தானே துடைத்துக்கொள்ளும்? பூனை வராமல் பால் குறையுமா? நான் உன்னை நம்பவில்லை என்று அர்த்தம் இல்லை. நம்புவதற்கு ஒரு பிடி வேண்டும், அவ்வளவுதான்.

அக்கா


ஜூன் 24

அக்கா,

இடி, கரண்ட் போய் வந்தது என்று மாமா சொன்னதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். இப்போது தெரிந்துவிட்டது.

பொறுமையாகப் படி. அந்த மருத்துவமனையில் எந்த கம்ப்யூட்டரும் கண் விழித்ததும் முதலில் என் பக்கத்திடம் ஒரு வார்த்தை கேட்கும். நான் யார், என்ன செய்யட்டும் என்று. பக்கம் அதை எதை வைத்து அடையாளம் காணும்? ஒவ்வொன்றுக்குள்ளும் கேபிள் செருகுகிற ஒரு நெட்வொர்க் கார்டு இருக்கிறது. அதில் ஒரு எண் இருக்கும். வாசல் காவலாளி முகத்தைப் பார்க்காமல் சட்டையில் குத்திய எண்ணை மட்டும் பார்த்து உள்ளே விடுவதாக வைத்துக்கொள். சட்டையை மாற்றிக்கொண்டு வந்தால் வீட்டுக்காரனையே யார் நீ என்று கேட்பான்.

இடி விழுந்தால் முதலில் கருகுவது அந்தக் கார்டுதான். அன்று யாரோ கருகியதைக் கழற்றிவிட்டுப் புதுக் கார்டு போட்டிருக்கிறார்கள். சர்வர் எழுந்ததும் பக்கத்தைக் கேட்டிருக்கிறது. எண் புதுசு. ஆக, இது இப்போதுதான் கடையிலிருந்து வந்த இயந்திரம் என்று பக்கம் முடிவு செய்து, உள்ளே இருந்ததை எல்லாம் துடைத்துப் புதிதாக நிறுவிவிட்டது.

சாதாரணமாக அது அப்படிச் செய்யாது. நிறுத்தி வைத்து என்னைக் கேட்கும். ஆனால் 'தெரியாத இயந்திரம் வந்தால் கேட்காமல் நிறுவு' என்று ஒரு வரி இருக்கிறது, அதில் நான் டிக் போட்டு வைத்திருந்தேன். எதற்குத் தெரியுமா? மாமாவுக்காக. அவருக்கு அந்தப் பக்கத்தைக் கண்டாலே வியர்த்துவிடும். நான் அந்த வேலையை வாங்கிக் கொடுத்த புதிதில், ஒவ்வொரு புது கம்ப்யூட்டருக்கும் போன் செய்து, "மச்சான், என்னமோ கேக்குது, ஆமான்னு சொல்றதா வேணாம்னு சொல்றதா" என்பார். மேலாளர் எதிரில் அவர் திருதிருவென்று விழிப்பதை நினைத்தால் எனக்குப் பாவமாக இருந்தது. டிக்கைப் போட்டுவிட்டு, கேபிளைச் செருகிவிட்டுப் போங்கள் மாமா, மீதியை அது பார்த்துக்கொள்ளும் என்றேன். அந்த விதியைச் சேமித்தவன் நான் என்பதால், தானாக நிறுவப்படுகிற ஒவ்வொன்றின் மேலும் என் பெயர்தான் விழும்.

எந்த கம்ப்யூட்டருக்கு எந்த எண் என்று நான் வேறெங்கும் குறித்து வைக்கவில்லை. மருத்துவமனைக்காரர்கள் சர்வரைத் திரும்ப ஓட்டுகிற அவசரத்தில் புதுக் கட்டத்துக்குப் பழைய பெயரையே வைத்து, பழைய கட்டத்தை நீக்கிவிட்டார்கள். எனவே பக்கத்தைப் பார்த்து ஒன்றும் தெரியாது. கார்டை மாற்றினேன் என்று ஒரு மனிதர் வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. சொன்னால், வேண்டுமென்றே செய்தான் என்கிற பேச்சே நிற்காது என்கிறார் வக்கீல். சொல்லாவிட்டால் எத்தனை வருடம் என்று அவரைக் கேட்டேன். அவர் காகிதக் கட்டுகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

மாற்றியவர் மேல் ஒரு தப்பும் இல்லை. கருகியதை மாற்றுவது அவர் வேலை. யார் என்று மாமாவை விசாரிக்கச் சொல்.

வாலு


ஜூலை 6

வாலுவுக்கு,

யாரும் எந்தக் கார்டையும் மாற்றவில்லையாம். உன் மாமா நன்றாக விசாரித்துவிட்டார். இதைப் பற்றி இனிமேல் கேட்காதே.

நீ எழுதியதைச் சாப்பிடும்போது அவருக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் கை கழுவ எழுந்து போனார். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. தட்டில் வைத்தது வைத்தபடி. வயிறு சரியில்லையாம்.

அவரை மேற்பார்வையாளர் ஆக்கியிருக்கிறார்கள், போன மாதம். உன்னிடம் சொல்லவில்லை, இந்த நேரத்தில் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். அந்த டிக்கைப் போட்டது நீ. பாவம் பார்த்துப் போட்டாயோ, பெருமைக்குப் போட்டாயோ, கை உன் கை. கத்தியைப் பாயின் கீழ் வைத்துவிட்டு, யார் அதன் மேல் உட்கார்ந்தது என்று ஊரெல்லாம் தேடுகிறாயே. அந்த ஓட்டுநர் இன்றைக்குச் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். எனக்குச் சொல்லவும் முடியவில்லை, பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. இவ்வளவும் அந்த ஒரு டிக்கால்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூலை 11

அக்கா,

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க உனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

மாற்றியது மாமாதான். நீ ஆமாம் என்று எழுத வேண்டாம். குழாய் ஓடியதையும் மேற்பார்வையாளர் ஆனதையும் எழுதியதே போதும்.

டிக் என்னுடையதுதான். அதற்கு என்ன தண்டனையோ அதைக் கொடுக்கட்டும், வாங்கிக்கொள்கிறேன். அந்தப் பெண்ணை நினைக்காமல் நான் இங்கே ஒரு வேளை சாப்பிட்டதில்லை. ஆனால் என் மேல் போட்டிருப்பது அது இல்லையே. வேண்டுமென்றே ஒரு ஆஸ்பத்திரியைக் குருடாக்கினவன் என்று போட்டிருக்கிறார்கள். இங்கே திருட்டு கேசில் வந்தவன்கூட என் பக்கத்தில் படுக்க மாட்டேன் என்கிறான்.

மாமா வாயைத் திறந்தால் ஒரு பதவி போகும். திறக்காவிட்டால் என் வயசு போகும். இதில் நிறுத்துப் பார்க்க என்ன இருக்கிறது? கடிதம் போடாதே. நேரில் வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்.


ஆகஸ்ட் 3

வாலுவுக்கு,

அன்று கம்பிக்கு அந்தப் பக்கம் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போன பிறகும் எனக்கு நேரம் மிச்சமிருந்தது. காவலர், "போலாம்மா" என்றார். போகவில்லை. நீ திரும்பி வருவாய் என்று நினைத்தேன். உன்னிடம் நான் அங்கே பொய்தான் சொன்னேன், உனக்கும் தெரியும். இப்போது உண்மையைச் சொல்கிறேன்.

அவர்தான் மாற்றினார். நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது கொடிக்கு அந்தப் பக்கம் நின்று, போர்வை நடுவில் இருக்க, முகம் தெரியாமல் சொன்னார். இடி விழுந்ததும் சர்வர் பேச்சு மூச்சில்லாமல் இருந்ததாம். மேலாளர் அவசரப்படுத்தினாராம். திறந்து பார்த்தால் கார்டு கருகியிருந்தது. வேறு போட்டு, கேபிளைச் செருகி, பொத்தானை அமுக்கினார். திரையில் ஒரு பட்டை மெல்ல மெல்ல நிரம்ப ஆரம்பித்தது. புது கம்ப்யூட்டர்களில் அவர் பார்த்துப் பழகிய அதே பட்டை. சரி, மச்சான் சொன்ன மாதிரி அது தன்னைத்தானே சரி செய்துகொள்கிறது என்று நினைத்துவிட்டார். "நான் அங்கயே நின்னு பார்த்தேன். முழுசா முடியிற வரைக்கும் நின்னு சந்தோஷமா பார்த்தேன்" என்றார்.

உன் கடிதத்தை நான் வாசிக்கும் வரை அவருக்கு இது தெரியாது. சத்தியம். கார்டு மாற்றியதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, சும்மா குழப்பாதே என்று மேலாளர் சொன்னதை நம்பி, அன்று எந்த வேலையும் நடக்கவில்லை என்று போலீசிடம் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பதவி அப்புறம் வந்தது. இன்றைக்கு வாயைத் திறந்தால் பொய்க் கையெழுத்துப் போட்டவர், ஒரு சாவை மறைத்தவர் என்று அவரை உள்ளே தள்ளுவார்கள். மேலாளர் அதையும் சொல்லி வைத்திருக்கிறார்.

பதவி போகும் என்று எழுதினாயே, போகப்போவது அது மட்டும் இல்லை. நீ என் கையில் வளர்ந்தவன். அவர் என் பிள்ளைக்கு அப்பா. இருதலைக் கொள்ளி எறும்பு என்று சும்மா பேச்சுக்குச் சொல்வோம். இப்போதுதான் அது என்னவென்று தெரிகிறது. நான் அவரைப் போய்ச் சொல்லச் சொன்னேன். சரி என்கிறார், சட்டையை மாட்டுகிறார், செருப்பைப் போடுகிறார், வாசல் வரை போகிறார், திரும்பி வந்து உட்காருகிறார். கோழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்குக் கொஞ்சம் நாள் கொடு.

அக்கா


ஆகஸ்ட் 9

அக்கா,

படித்தேன். அந்தப் பட்டை நிரம்புவதை மாமா நின்று பார்த்தார் என்ற இடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. அது என்ன செய்கிறது என்று ஒரே ஒரு தடவை அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். அவருக்கெல்லாம் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

வக்கீல் நேற்று வந்தார். யாரென்று தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். நான் சொல்லித்தான் மாமா உள்ளே வர வேண்டும் என்றால் எனக்கு அது வேண்டாம். என்னை நல்லவன் என்று நினைத்துவிடாதே. காட்டிக்கொடுக்கிற பாரத்தை உன் தலையில் வைக்கிறேன், அவ்வளவுதான்.

நான் யாரிடமும் சொல்ல மாட்டேன் அக்கா. ஆனால் நீ சொல்லாமல் இருந்தால் அதை மறக்கவும் மாட்டேன்.

வழக்கு செப்டம்பர் நடுவில் வருகிறது.

வாலு


செப்டம்பர் 26

அக்கா,

ஜாமீனில் வந்துவிட்டேன். பழைய நண்பன் ஒருவனின் அறையில் இருக்கிறேன். வேண்டுமென்று செய்தது என்பதை எடுத்துவிட்டார்கள். அஜாக்கிரதை என்பது இருக்கிறது, அது இருக்க வேண்டியதுதான். கம்ப்யூட்டர் பக்கம் போகக் கூடாது என்பது நிபந்தனை. அதனால்தான் இதுவும் கையெழுத்தில். எனக்கும் அதைத் தொட மனமில்லை.

நீ அன்று கோர்ட்டில் ஆலைச் சீருடையோடே வந்து நின்றாய். பாதி வேலையில் எழுந்து வந்திருக்கிறாய் என்று தெரிந்தது. "என் வீட்டுக்காரர்தான் அந்தக் கார்டை மாத்தினாரு. அவர் வாயாலயே எங்கிட்ட சொன்னாரு" என்று நீ சொன்னபோது மாமா பின் பெஞ்சில்தான் இருந்தார். நான் கூண்டிலிருந்து அவரைப் பார்த்தேன். அவர் உன்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. பாரத்தை இறக்கி வைத்தவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். அவராகவே எழுந்து நின்றதையும், போலீசோடு போனதையும் நீ பார்த்திருப்பாய்.

வெளியே வந்ததும் அந்த ஓட்டுநரிடம் போனேன். என்ன சொல்லப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் என்னை முடிக்க விடவில்லை. "உள்ள யாரு, வெளிய யாருன்னு நீங்க மாத்தி மாத்தி வச்சுக்குங்க தம்பி. எனக்கு என்ன வந்துச்சு" என்றார். வண்டிக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

உன்னைப் பார்க்க வரட்டுமா? பொடிசைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. உனக்குத் துணையாகவும் இருக்கும். ஒரு வரி எழுது, அடுத்த பஸ்ஸில் வருகிறேன்.

வாலு


அக்டோபர் 5

வாலுவுக்கு,

வராதே.

நீ வெளியே வந்தது எனக்குச் சந்தோஷம். இன்னொரு தடவை கேட்டாலும் கோர்ட்டில் அதையேதான் சொல்வேன். ஆனால் நீ இந்த வாசலில் வந்து நின்றால், நீ வந்திருக்கிறாய் என்று எனக்குத் தோன்றாது. அவர் வரவில்லை என்றுதான் தோன்றும். அப்பா எப்போது வருவார் என்று பொடிசு கேட்கிறாள். உன்னைப் பார்த்தால், மாமா வந்துவிட்டார், அப்பா ஏன் வரவில்லை என்று கேட்பாள். கொஞ்ச காலம் போகட்டும். எவ்வளவு காலம் என்று கேட்காதே.

மருத்துவமனையில் மேலாளர் மாற்றலாகிப் போய்விட்டார். அவ்வளவுதான் அவருக்கு. ஆலையில் அந்தக் கோடிக்குப் போனவள் அங்கேயே இருக்கிறாள். வேன் வருகிறது, பொடிசு போகிறாள்.

அவரை உன்னை வைத்திருந்த அதே இடத்தில்தான் வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை பார்க்க விடுவார்களாம். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். போர்வை உள்ளே விடுவார்களா? சோப்பு விடுவார்களா, இல்லை அங்கேயே வாங்க வேண்டுமா? அவருக்கு இரத்த அழுத்த மாத்திரை உண்டு, அதை யாரிடம் கொடுக்க வேண்டும்? குளிர் அதிகமா அங்கே? எந்த வரிசையில் நிற்க வேண்டும், எத்தனை மணிக்குப் போனால் திருப்பி அனுப்பாமல் இருப்பார்கள்?

உனக்கு நான் ஒன்றும் கொண்டு வந்து கொடுத்ததில்லை. அதனால் எனக்கு எதுவும் தெரியவில்லை. வெள்ளிக்கு முன்னால் எழுதிப் போடு.

அக்கா